ஒனக்கு என்ன தோணுச்சு?

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சர்க்கரையில் ஆரம்பித்து மூட்டுவலியில் முடியும். போன வாரம் நம்மில் ஒருத்தி போனில் கூப்பிட்டு, ஒரு மாறுதலுக்குக் கேள்வியாகக் கேட்டுத் தள்ளிவிட்டாள். காலையில் எப்போது எழுந்திருக்கிறாய், காபியா டீயா, என்ன நிறம் பிடிக்கும், சாமிமேல் கோபம் உண்டா, பேரன் பேத்திகளில் யார்மேல் ஆசை அதிகம் என்று.

நான் நிறுத்தாமல் பதில் சொன்னேன். விடியுமுன் எழுந்துவிடுவேன். டீதான், அதுவும் கசக்கக் கசக்கக் கொதித்தது. கத்தரிப்பூ நிறம். சாமிமேல் கோபம் உண்டு, ஆனால் பேச்சுவார்த்தை நிற்கவில்லை. சின்னப் பேத்திமேல் ஆசை அதிகம், ஏனென்றால் அவள் என்னோடு சண்டை போடுகிறாள்.

"இதே கேள்விய எத்தன பேர்ட்ட கேட்டேன் தெரியுமா?" என்றாள் அவள். "எல்லாரும், 'எனக்கு என்ன, எதுன்னாலும் சரி'ங்கிறாங்க. நீ மட்டும் எப்படிடி பட்டு பட்டுன்னு சொல்ற?"

பிறந்தபோதே நான் அப்படி இல்லை. ஒரு பலாப்பழக் காலம் முழுக்க ஒரு சன்னலுக்கு வெளியே நின்று பழகியது அது. அதில் எனக்குப் பெருமை உண்டு. இந்த வயதில் அடக்கமாக இருந்து யாரிடம் நல்ல பெயர் வாங்கப் போகிறேன்? பெருமையாகவே சொல்கிறேன், கேளுங்கள்.

கீரமங்கலத்துக்குக் கிட்டத்தில், செம்மண்ணும் பலாமரமுமாக இருந்த ஊர் எங்களுடையது. அப்போது எங்கள் பக்கமெல்லாம் திருச்சி ஜில்லா. ராஜா காலம் போய் ரொம்ப நாள் ஆகியிருக்கவில்லை. பெரியவர்கள் எதற்கெடுத்தாலும் "ராஜா காலத்துல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ராஜா காலத்தில் அடித்து, பிறகு செல்லாமல் போன அம்மன் காசுகள் எங்கள் கைக்கு வந்து, பாண்டி ஆட்டத்தில் சில்லாக ஓடிக்கொண்டிருந்தன. பழுப்பேறிய செம்புக் காசு, ஓரம் தேய்ந்து உள்ளங்கையில் வழுக்கும். இப்போது ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்கும். எங்கே போயினவோ.

எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் போன பெண்பிள்ளைகள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி அடுத்த வீட்டுப் பெரியப்பாவின் மகள். கூடப்பிறந்த பெரியப்பா இல்லை, பங்காளி முறை. அவள் என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். முறைக்கு அக்கா, உள்ளபடி சிநேகிதி. கடலைக் காட்டு வரப்பில் முன்னால் அவள் நடப்பாள், பின்னால் நான். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வருவாள், நான் 'ம்' கொட்டிக்கொண்டு போவேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த பேச்சு அந்த 'ம்' ஒன்றுதான்.

அந்த வருஷம் மாசியில் அவள் பெரியமனுஷி ஆனாள். சடங்கு சுற்றினார்கள், சொந்தக்காரர்கள் வந்து தின்றுவிட்டுப் போனார்கள், பந்தலைப் பிரித்தார்கள். அவளை மட்டும் வெளியே விடவில்லை. பெரியப்பா வசதியானவர். பெண்ணை வயல் வேலைக்கு அனுப்பவேண்டிய அவசியம் இல்லாத வீடுகளில், பெண் தெருவில் தலைகாட்டக் கூடாது என்பதுதான் அன்றைய கௌரவம். பள்ளிக்கூடம் நின்றுபோனது. கடலை மூட்டை அடுக்கும் அறையை ஒழித்து அவளுக்குக் கொடுத்தார்கள். மரக்கம்பி போட்ட ஒரே ஒரு சன்னல், மாட்டுக் கொட்டகையைப் பார்த்தபடி இருந்தது. கொட்டகைக்கு அந்தப் பக்கம் ஒரு பலாமரம். உள்ளே இருந்து பார்த்தால் கொட்டகைக் கால்களுக்கு நடுவே அதன் அடிமரம் தெரியும், கூரை மறைப்பதால் உச்சி தெரியாது.

பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீட்டில் போட்டுவிட்டு அந்தச் சன்னலுக்கு ஓடுவேன். முதல் நாள் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றிருந்தாள்.

"இன்னிக்கு என்னடி நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலக்கா."

"மத்தியானம் என்ன சோறு?"

"புளிச்சோறு."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

சன்னல் கதவைப் படாரென்று சாத்திவிட்டாள். நான் சாணி வாசனையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் அவளே திறந்தாள். கண் சிவந்திருந்தது.

"நல்லா இருந்துச்சுன்னு ஊருல எல்லாருந்தான் சொல்லுவாங்க. அது எனக்கு எதுக்கு? ஒனக்கு என்ன தோணுச்சோ அதச் சொல்லு. நான் இங்கன ஒக்காந்துக்கிட்டு ஒன் காலாலதான்டி நடக்கணும். ஒன் நாக்காலதான் ருசி பாக்கணும்."

எனக்குத் திகைப்பாக இருந்தது. எனக்கு என்ன தோன்றுகிறது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டது கொடுமையால் என்று சொல்ல மாட்டேன். தட்டில் விழுந்தது சோறு, தீபாவளிக்கு அப்பா வாங்கி வந்தது பாவாடை. அதில் தோன்றுவதற்கு என்ன இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போய்வந்த விதமே மாறிவிட்டது. சாயங்காலம் கேள்வி வருமே என்ற பயத்தில் எல்லாவற்றையும் ஊன்றிப் பார்த்தேன். புளிச்சோற்றில் கிடக்கும் வேர்க்கடலையை முதலில் கடிக்க எனக்குப் பிடிக்காது, ஓரமாக ஒதுக்கிவைத்துக் கடைசியில் தின்னத்தான் பிடிக்கும் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். மழைக்குப் பிறகு வரும் மண்வாசத்தைவிட, மழைக்குக் கொஞ்சம் முன்னால் காற்றில் வரும் வாசம்தான் எனக்குப் பிடித்தது. தலைக்கு எண்ணெய் வைப்பது பிடிக்காது, வைத்த பிறகு பின்னல் முதுகில் கனப்பது பிடிக்கும். வண்டிச் சக்கரத்துக்குப் போடும் மை வாசம் பிடிக்கும். யாரிடமும் சொல்லாதே என்று அதை மட்டும் அவளிடம் ரகசியமாகச் சொன்னேன்.

அவள் கேள்விகளுக்கு ஒரு வரிசை கிடையாது. "வாத்தியாரு பெரம்பு எடுத்துட்டு வராத அன்னிக்கு அவரு மூஞ்சி எப்படி இருக்கும்?" என்பாள். அடுத்ததே, "ஒங்கப்பாவும் ஒங்கம்மாவும் சண்ட போட்டா யாரு மொதல்ல பேச்ச நிறுத்துவா?" என்பாள். நான் எதைச் சொன்னாலும் கூடவே வருவது "ஏன்?" ஏன் என்பதற்குப் பதில் இல்லாவிட்டால் நாளைக்கு யோசித்துக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவாள். நானும் யோசித்துக்கொண்டு போவேன்.

சில நாள் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள் பித்தளைப் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்கும்.

"என்னக்கா சத்தம்?"

"ஒண்ணுமில்லடி. அம்மாவுக்குக் கை தவறியிருக்கும்."

அதற்கு மட்டும் நான் ஏன் என்று கேட்டதில்லை. பெரியப்பா முன்கோபக்காரர் என்று தெரியும். அவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் அந்த வீட்டில் மாடுகூட அசைபோடுவதை நிறுத்திவிடும் என்று என் அம்மா வேடிக்கையாகச் சொல்வாள். மரியாதை என்றால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பலா பழுக்க ஆரம்பித்தது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டு மரம் சுற்றுவட்டாரத்தில் பெயர்போனது. அதன் முதல் பழத்தை வெட்டும்போது ஊரில் முக்கால்வாசிப் பேர் அவர் வீட்டு முற்றத்தில் இருப்பார்கள். அந்த வருஷமும் போனோம். எண்ணெய் தடவிய கையோடு சுளை எடுத்து எடுத்து ஓலைக் கொட்டானில் போட்டார்கள். வாயில் போட்டவர்கள் எல்லோரும் "தேனு, தேனு" என்றார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு சின்னப்பிள்ளையாகிய என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன ஆத்தா சொல்ற?"

சாயங்காலத்துக் கேள்வியை நினைத்துக்கொண்டு நான் நன்றாக மென்று பார்த்தேன். "மணம் நல்லா இருக்கு தாத்தா. ருசிதான் சப்புன்னு இருக்கு. நாரு பல்லுல மாட்டுது. எங்க கெணத்துமேட்டு மரத்துப் பழம் இதவிட நல்லாருக்கும்."

அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் கன்றியிருந்தது. வாய்த்துடுக்கு, அடங்காப்பிடாரி என்ற பெயர்கள் அன்று எனக்கு வைக்கப்பட்டவை. அப்பா மட்டும் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதைச் சன்னலில் சொன்னபோது சிநேகிதி சிரித்த சிரிப்பில் கொட்டகை மாடு மிரண்டு எழுந்து நின்றது. பெரியம்மா ஓடி வந்தார்.

"என்னடி சிரிப்பு? தெருவரைக்கும் கேக்குது."

நடந்ததை மகள் சொன்னாள். பெரியம்மா முந்தானையால் கையைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னைக் கேட்டார். "நெசமாவே சப்புன்னா இருந்துச்சு?"

"ஆமா பெரியம்மா."

"எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகப் பயந்தவர்போல உடனே அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஆனியில் ஒரு சம்பந்தம் வந்தது. கறம்பக்குடிப் பக்கம், நல்ல நிலபுலன், ஒரே மகன். கிணற்றில் ஆயில் இன்ஜின் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் பெரிய பேச்சு. அன்றைக்கு எங்கள் பக்கமெல்லாம் மாடு கட்டித் தோல்சாலில் கவலை இறைத்துக்கொண்டிருந்தோம். இன்ஜின் வைத்த கிணறு என்றால் இன்றைக்கு வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்பதுபோல. பெரியப்பா பாதி மனதோடு அல்ல, முழு மனதோடு முடிவு பண்ணிவிட்டார். வீடு பார்த்துவிட்டு வந்து பரிசம் போட நாள் குறிக்கவேண்டியதுதான் பாக்கி.

பெரியப்பா, பெரியம்மா, பெரியப்பாவின் அக்காவான அத்தை, என் அப்பா, நால்வரும் கூண்டு வண்டியில் போவதாக ஏற்பாடு. முதல்நாள் சாயங்காலம் சிநேகிதி தன் அம்மாவிடம் சொல்லி என்னையும் வண்டியில் சேர்த்துவிட்டாள்.

"எல்லாரும் இன்ஜினப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. நீ மத்ததெல்லாம் பாரு" என்றாள். "அடுப்படியில வெளிச்சம் வருதான்னு பாரு. அந்த வீட்டுப் பொம்பளைங்க சத்தமா சிரிக்கிறாங்களான்னு பாரு. அவரு மாட்டக் கூப்புடுறப்ப பேரு வச்சுக் கூப்புடுறாரான்னு பாரு."

"மாப்பிள்ள மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்க வேணாமா?"

"அத வண்டியில போற எல்லாரும் சொல்லுவாங்கடி. எனக்கு அந்த வீட்டுல இருந்தா எப்படி இருக்கும்னு தெரியணும். ஒனக்கு என்ன தோணுதோ அத அப்படியே கொண்டாந்து சொல்லு."

விடியுமுன் கிளம்பினோம். வைக்கோல் மெத்தையும் வண்டி மை வாசமும் காலில் குத்தும் சாக்குமாக, வழியெல்லாம் பெரிய வேலை ஒன்றை ஏற்றுக்கொண்டவளாக நிமிர்ந்து உட்கார்ந்து போனேன்.

பெரிய வீடு. வரவேற்பில் குறை இல்லை. மாப்பிள்ளை நல்ல நிறம், வாட்டசாட்டம். வந்து கும்பிட்டார், நாலு வார்த்தை பேசினார், இன்ஜினைப் பார்க்கவேண்டும் என்று தோட்டத்துக்குப் போய்விட்டார். அவருடைய அம்மா எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துப் பரிமாறினார். அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். வெளிச்சம் நன்றாகவே வந்தது. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து பெரியவர்கள் வெற்றிலை போட உட்கார்ந்ததும், நான் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போனேன். டப்டப்பென்று நெஞ்சுக்குள் இடிக்கிற மாதிரி சத்தம். குழாயில் தண்ணீர் வெள்ளைவெளேரென்று வாய்க்காலில் கொட்டியது. புங்கமரத்தடியில் மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தார். நான் வாழைக்குப் பின்னால் நின்றேன்.

மாப்பிள்ளை ஒரு கவளம் வாயில் வைத்தார். துப்பினார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. இடது புறங்கையால் தட்டை ஒரு தட்டு. தட்டு உருண்டு வாய்க்கால் ஓரம் போய் விழுந்தது. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் செம்மண்ணில் சிதறிக் கிடந்தன. அவர் எழுந்து வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு இன்ஜின் கொட்டகைக்குள் போய்விட்டார்.

அந்த அம்மா குந்தி உட்கார்ந்து சோற்றைக் கையால் வழித்துத் தட்டில் போட்டார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். முகத்தில் உடனே அந்தச் சிரிப்பு வந்துவிட்டது.

"கை தவறிருச்சு ஆத்தா" என்றார்.

நான் திரும்பி வந்துவிட்டேன்.

திரும்பும்போது வண்டியில் ஒரே இன்ஜின் புராணம். "மாப்பிள்ள பேச்சே இல்ல, அடக்கமான புள்ள" என்று அத்தை சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு என் கன்னத்தைத் தட்டி, "என்னடி, ஒனக்கு ஒங்க மச்சானப் புடிச்சிருக்கா?" என்றார் விளையாட்டாக.

"புடிக்கல" என்றேன். "அங்க கெணத்தடியில..."

"கழுத, வாய மூடு" என்று முன்னாலிருந்து பெரியப்பா அதட்டினார். "நல்ல காரியம் பேசிட்டு வாறப்ப அபசகுனமா."

வண்டியில் அப்புறம் யாரும் என்னைக் கேட்கவில்லை. பெரியம்மா மட்டும் இருட்டிக்கொண்டு வரும் கடலைக் காட்டைப் பார்த்தபடி வந்தார்.

மறுநாள் காலையில் நான் சன்னலில் எல்லாவற்றையும் சொன்னேன். சிநேகிதி என்னை அவசரப்படுத்தவில்லை. எந்தக் கை, என்ன குழம்பு, அந்த அம்மா குந்தினாரா குனிந்தாரா, மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில், அந்தச் சின்ன அறையின் இருட்டிலிருந்து, "ஒனக்கு என்ன தோணுச்சு?" என்றாள்.

"அந்த வீட்டுல வெளிச்சம் இருக்குக்கா. தண்ணி நெறய இருக்கு. ஆனா அந்தம்மா சிரிக்கிறது எனக்குப் பயமா இருந்துச்சு. நீயும் அப்படிச் சிரிச்சா எனக்குப் புடிக்காது."

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே நடந்து போய், கதவைத் திறந்து, நடுவீட்டில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அத்தையின் முன்னாலும் தன் அப்பாவின் முன்னாலும் போய் நின்றாள் என்று பிறகு தெரிந்தது. தனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்றாளாம். காரணம் கேட்டதற்கு, "அவளக் கூப்புட்டுக் கேளுங்க" என்று என்னைச் சொல்லியிருக்கிறாள்.

கூப்பிட்டு விட்டார்கள். அப்பா என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பெரியப்பா முற்றத்துத் தூணைப் பிடித்தபடி நின்றார். அத்தை ஒரு பக்கம், சிநேகிதி ஒரு பக்கம். அடுப்படி நிலையில் பெரியம்மா.

"என்ன பாத்த? ஒரு பொய் வந்துச்சு, தோல உரிச்சுப்புடுவேன்" என்றார் பெரியப்பா.

என் வாய் குழறவில்லை. மூன்று நான்கு மாதமாக நாள் தவறாமல் செய்துவந்த காரியம்தானே அது. சன்னலுக்குச் சொன்னதுபோலவே சொன்னேன். துப்பியதை, இடது புறங்கையை, தட்டு போய் விழுந்த இடத்தை, கத்தரிக்காய்க் குழம்பை.

"கை தவறியிருக்கும்டி" என்றார் அத்தை. "அந்தம்மாவே ஒங்கிட்ட சொல்லிருக்கா. பெறகு என்ன?"

"கை தவறல அத்த. தட்டி விட்டாரு."

"அது ஒனக்கு எப்படித் தெரியும்?" பெரியப்பாவின் குரல் ஏறியது.

"கை தவறுனா, தவறுனவுங்கதான 'அய்யய்யோ'ன்னு சொல்லுவாங்க? அவரு ஒண்ணுமே சொல்லல. அவுங்கம்மாதான் கை தவறிருச்சுன்னு சொன்னாங்க. அவுங்க கையில தட்டே இல்ல பெரியப்பா."

அத்தை வாயைத் திறந்தார். "ஆம்பளப் புள்ளைக்குக் கோவம் வாறது ஒரு குத்தமா? உப்பு ஒறப்பு இல்லாட்டி..."

"மதினி, இருங்க."

நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பேசியது பெரியம்மா. அத்தையைப் பார்த்துப் பேசவில்லை, பெரியப்பாவைப் பார்த்தும் பேசவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"புள்ள சொல்றது சரிதான். கை தவறிருச்சு, கை தவறிருச்சுன்னு இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். எங்கையி ஒரு நாளும் தவறுனதில்ல."

பெரியப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன நடக்கப்போகிறதோ என்று அப்பா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார். ஆனால் பெரியப்பா கொடியில் கிடந்த துண்டை எடுத்தார், தோளில் போட்டார், யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டி வயல் பக்கம் நடந்து போய்விட்டார். செருப்பு போட்டுக்கொள்ள மறந்து போனார்.

உச்சிவெயிலுக்குத்தான் திரும்பி வந்தார். என் அப்பாவைக் கூப்பிட்டு, "கறம்பக்குடிக்கு ஆள் அனுப்பி, தோதுப்படாதுன்னு சொல்லிருடா" என்றார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. கிடைக்காத சம்பந்தத்தைச் சின்னக் கழுதை ஒன்று கெடுத்துவிட்டது என்று பேசினார்கள். இந்த வாய்க்கு எவன் வந்து கட்டிக்கொண்டு போவான் என்று என் அம்மா கவலைப்பட்டாள். அத்தை எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டார். அவர்கள் எல்லோரும் என்னைத் தப்பாக எடைபோட்டார்கள். எனக்கு அப்போதே அது தெரியும், இன்றைக்கும் தெரியும். அப்பா மட்டும் அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, "குழம்பு என்னங்கிறது வரைக்கும் பாத்திருக்கியே" என்று சொல்லி என் தலையில் கை வைத்தார். பின்னாளில் சந்தையில் மாடு பிடிக்கப் போனாலும் சரி, வரப்புத் தகராறு பார்க்கப் போனாலும் சரி, "எம் மகளையும் கூட்டிட்டுப் போவோம், அவ கண்ணுக்குத் தப்பாது" என்று சொல்கிறவராக ஆகிவிட்டார். பள்ளிக்கூடத்தை நிறுத்தும் பேச்சை என் விஷயத்தில் அவர் எடுக்கவே இல்லை.

பெரியப்பா ஒரேயடியாக மாறிவிட்டார் என்று கதை கட்ட மாட்டேன். குரல் பழைய குரல்தான். பல மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் பாத்திரம் உருளும் சத்தம் அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்குக் கேட்கவில்லை. ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கிய ஒரு சாயங்காலம், நான் சன்னலுக்குப் போனபோது பெரியம்மா கொல்லைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேரும் கெணத்தடி வரைக்கும் போயிட்டு வாங்க" என்றார். "யாரும் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

சிநேகிதி வெளியே வந்து பலாமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். காற்றில் உச்சிக்கிளைகள் ஆடிக்கொண்டிருந்தன. கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மூன்று வருஷம் போனது. சம்பந்தங்கள் வந்தன, போயின. பிறகு அன்னவாசல் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். பஸ் கண்டக்டர். நிலம் கொஞ்சம்தான், இன்ஜின் எல்லாம் இல்லை. கை நகங்கள் டிக்கெட் மையில் ஊதாவாகியிருந்தன. அவரும் அவருடைய அம்மா அப்பாவும் முற்றத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் சிநேகிதியோடு நின்றேன்.

காபி குடித்து முடித்ததும் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டுல ஒரு பழக்கம்" என்றார். அப்படி ஒரு பழக்கம் அந்த வீட்டிலும் கிடையாது, அந்த வட்டாரத்திலும் கிடையாது. "புள்ள ஏதாச்சும் கேக்கணும்னா கேக்கும். தப்பா நெனைக்காதீங்க." கதவுப் பக்கம் திரும்பி, "கேளு ஆத்தா" என்றார்.

சிநேகிதி என் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டு, நிலைப்படியில் வந்து நின்றாள். தலை குனிந்திருந்தது, குரல் குனியவில்லை.

"கோவம் வந்தா என்ன செய்வீங்க?"

மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். யோசித்தது எனக்குப் பிடித்தது.

"சைக்கிள எடுத்துக்கிட்டு எங்கிட்டாச்சும் போயிருவேன்" என்றார். "பசிச்சா வந்துருவேன்."

"ஆமா, அப்படித்தான் செய்யிறான்" என்றார் அவருடைய அம்மா, சத்தமாகச் சிரித்துக்கொண்டே. அப்பாவும் மகனைப் பார்த்துச் சிரித்தார். இந்த அம்மாவின் சிரிப்பு எனக்குப் பயமாக இல்லை. பெரியம்மாவும் சிரித்தார். கடைசியில் பெரியப்பாவும் மீசைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

சிரிப்பு அடங்கியதும் மாப்பிள்ளை, சிநேகிதியைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, பெரியம்மாவைக் கேட்டார்.

"அவுங்களுக்குக் கோவம் வந்தா என்ன செய்வாங்க அத்தை?"

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரியம்மா மகளைப் பார்த்தார். எத்தனையோ நூறு கேள்வி கேட்டவள், தன்னை ஒருவர் கேட்டதும் பதில் தெரியாமல் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவளே சொல்லட்டும் என்று நின்றேன்.

அவள் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"எதுக்கு இப்படிச் செஞ்சீங்கன்னு கேப்பேன்" என்றாள். "பதில் சொல்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"அப்ப சைக்கிள எடுக்க முடியாது" என்றார் மாப்பிள்ளை.

பெரியப்பா எழுந்து, பெரியம்மா பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்.